அப்பாவின் 60 கேசட், 180 சிடி, 9000 எம்பி3: எந்த ஃபார்மட்டில் வைப்பது?

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

வீட்டில் பாட்டு மூன்று வகையாகக் கிடக்கிறது. சுமார் 180 சிடி, பாதி கர்நாடக இசை, பாதி சினிமா. அப்புறம் 2002 தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த 9000 எம்பி3, பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்). மூன்றாவது, அப்பா பதிவு செய்து வைத்த 60 கேசட். எண்பதுகளில் ராமநவமிக் கச்சேரிகளுக்கு, பெங்களூரு சாமராஜபேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்துக்கு, ஒரு சின்ன ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போவார். சனிக்கிழமை இரவு ரேடியோ தேசிய நிகழ்ச்சியில் எடுத்ததும் இருக்கிறது. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கேசட்டெல்லாம் பீரோவின் மேல் தட்டில் அப்படியே இருக்கின்றன.

கேட்கப்போவது நாலு இடத்தில். என்னிடம் ஆண்ட்ராய்டு, மனைவியிடம் ஐபோன், காரில் பென்டிரைவ், அம்மாவுக்கு ஹாலில் ஒரு ஸ்பீக்கர்.

போன வாரம் பரிசோதனையாக எம்பி3யிலிருந்து 600 பாட்டை எடுத்து ஃப்ளாக்காக மாற்றினேன். 2.5 ஜிபி இருந்தது 15 ஜிபியைத் தாண்டிவிட்டது. கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை. 9000 பாட்டையும் இப்படி மாற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிறுத்தியிருக்கிறேன்.

அல்சூர்_ஏரிக்கரை

நிறுத்தியது நல்லது. அந்த 600 ஃப்ளாக்கையும் அழித்துவிடுங்கள். மூல எம்பி3 பத்திரமாக இருக்கிறது இல்லையா?

எம்பி3, ஏஏசி, ஆப்பஸ் இவையெல்லாம் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுப் பாட்டின் ஒரு பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியைச் சேமிப்பவை. போனது போனதுதான். ஃப்ளாக், ஆலாக் இரண்டும் எதையும் தூக்கிப் போடாமல் மடித்து வைப்பவை. பிரித்தால் ஒரு பிட் மாறாமல் திரும்ப வரும். நீங்கள் செய்தது தண்ணீர் கலந்த பாலை வெள்ளிச் செம்பில் மாற்றி ஊற்றியது போல. செம்பு பெரிசு, பால் அதே பால்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து அந்த ஃபைல்களைப் பார்க்கிற யாரும் 'ஃப்ளாக் இருக்கிறது, அசல் தரம்' என்று நம்பிவிடுவார்கள். ஃபைல் பெயரே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அந்த 9000ஐ எம்பி3யாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏஏசியாகவோ ஆப்பஸாகவோ மாற்றவும் வேண்டாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இன்னொரு தடவை வெட்டு விழும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி.

சிடியை மட்டும் ஃப்ளாக்கில் எடுங்கள். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரி (அதாவது ஒலியை அளந்து எடுத்த புள்ளி), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் 1411 கேபிபிஎஸ், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 180 சிடி, சராசரி ஒரு மணி நேரம் என்று வைத்தால் 108 ஜிபி. ஃப்ளாக்கில் ஏறக்குறைய 60 ஜிபிக்குள் அடங்கும். இன்றைக்கு அது ஒரு பென்டிரைவ்.

மூன்றாவது_ஷிஃப்ட், கோரமங்களா

ஏரிக்கரை அண்ணா சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. சிடி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

நான் இதை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ஃபூபார்2000 என்கிற பிளேயரில் ஏபிஎக்ஸ் என்று ஒரு இணைப்பு உண்டு. எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். சொந்த சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக், அதிலிருந்தே லேம் என்கிற எம்பி3 மென்பொருள் கொண்டு வி0 என்ற தர அளவில் செய்த எம்பி3, அதாவது சராசரி 245 கேபிபிஎஸ். நல்ல ஹெட்போனில் 16 முறை கேட்டேன். 9 சரி, 7 தப்பு. காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். 128இல் சுலபமாகக் கண்டுபிடித்தேன், ஜால்ரா ஓசையில் ஒரு சலசலப்பு வரும். 192க்கு மேல் போனபிறகு எனக்குத் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போது எதற்கு ஃப்ளாக்? அதுவும் பெரும்பாலும் புளூடூத்தில் கேட்கிறோம். எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் எதுவாக இருந்தாலும் போனிலிருந்து ஹெட்போனுக்குப் போகும் வழியில் இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது.

அல்சூர்_ஏரிக்கரை

தம்பி, உங்கள் சோதனையோடு எனக்குச் சண்டையே இல்லை. என் காதுக்கும் வி0 போதும். நான் ஃப்ளாக் சொல்வது கேட்பதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு.

2004இல் நான் 150 சிடியை 128 எம்பி3யாக எடுத்தேன், அன்றைக்கு இருந்த 40 ஜிபி ஹார்ட்டிஸ்க்குக்கு அதுதான் கட்டுப்படியானது. பிறகு ஐபாட் வாங்கியதும் ஏஏசி வேண்டும் என்று எல்லா சிடியையும் மறுபடி டிரைவில் போட்டு எடுத்தேன். 2012இல் ஆப்பஸ் வந்தது. 128 கேபிபிஎஸ்ஸிலேயே அது அபாரமாக இருந்தது. அப்போது மூன்றாம் முறை எடுக்க உட்கார்ந்தபோது 20 சிடிக்கு மேல் டிரைவ் படிக்கவில்லை. சிலதில் கீறல், சிலதில் மேல்பூச்சு உரிந்து வெளிச்சத்தில் பிடித்தால் பொத்தல் தெரிந்தது.

முதல் தடவையே இழப்பில்லாமல் எடுத்திருந்தால் அதற்கப்புறம் என்ன புது ஃபார்மட் வந்தாலும் கம்ப்யூட்டரை இரவு ஓட விட்டால் போதும், காலையில் எல்லாம் தயாராக இருக்கும். அந்த 20 சிடியின் பாட்டு இப்போது என்னிடம் 128 எம்பி3யாக மட்டுமே இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

மூன்றாவது_ஷிஃப்ட், கோரமங்களா

சரி, ஒப்புக்கொள்கிறேன். சிடி நிரந்தரமாக இருக்கும் என்கிற நினைப்பில் பேசிவிட்டேன்.

கல்யாணி_65, மல்லேஸ்வரம்

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எங்கள் சங்கீதத்துக்கு எம்பி3 செய்கிற ஒரு கெடுதல் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை.

கச்சேரி சிடியில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள். ஆனால் மேடையில் அது இடைவிடாமல் ஓடிய ஒரே ஓட்டம். சிடியில் போட்டால் அப்படியே ஓடும். அதையே எம்பி3யாக மாற்றிக் கேட்டால் டிராக் மாறும் இடத்தில் ஒரு விக்கல் மாதிரி இடைவெளி. தம்புரா நாதம் அறுந்து மறுபடி தொடங்கும். ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்கு வருகிற அந்த நொடிக்காகத்தானே காத்திருக்கிறோம்? என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் மனசு கஷ்டப்படுகிறது.

அல்சூர்_ஏரிக்கரை

மேடம், நீங்கள் சொல்வது நிஜம். அதற்குக் காரணமும் உண்டு. எம்பி3 பாட்டை 1152 மாதிரி கொண்ட துண்டுகளாக வெட்டித்தான் சேமிக்க முடியும். பாட்டு அந்தத் துண்டுக் கணக்கில் சரியாக முடியாதபோது மீதியை வெறும் மௌனத்தால் நிரப்பிவிடும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். லேம் மென்பொருள் எவ்வளவு நிரப்பினேன் என்று ஃபைலுக்குள் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயராக இருந்தால் இடைவெளி வராது. பல கார் ஸ்டீரியோக்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஃப்ளாக்கில் இந்த நிரப்பல் கிடையாது. ஆனால் அதிலும் பிளேயர் அடுத்த டிராக்கைத் தாமதமில்லாமல் தொடர வேண்டும்.

காருக்கென்றால் ராகம் தானம் பல்லவி மூன்றையும் ஒட்டி ஒரே ஃபைலாகச் செய்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நாடாவும்_ஊசியும், பசவனகுடி

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருதிப்பெட்டி, நீங்கள் கேட்ட வரிசையே தலைகீழாக இருக்கிறது. 9000 எம்பி3 எங்கும் ஓடிப் போகாது. சிடியை அடுத்த வருடம் எடுக்கலாம். அந்த 60 கேசட்டை இந்த வருடமே எடுங்கள். அதற்கு வேறு பிரதி உலகத்தில் எங்கேயும் இல்லை.

முதலில் கேசட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அதை அழுத்திப் பிடிப்பது அந்தத் துண்டுதான். நாற்பது வருடத்தில் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாமல் போட்டால் ஒலி மங்கி மங்கி வரும். ஓரத்தில் ஐந்து திருகாணி உள்ள கேசட் என்றால் திறந்து நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் பொறுமையாகப் பிளக்க வேண்டும். போடுவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டையும் ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்றுங்கள். சுருள் இறுகிக் கிடந்தது தளரும்.

யூஎஸ்பி வால் வைத்த மலிவு பிளேயரில் எடுக்காதீர்கள். மோட்டார் சீராக ஓடாது, தம்புரா நாதமே அலை அடிக்கும். பழைய நல்ல கேசட் டெக் ஒன்றைத் தேடுங்கள். பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான் போயிருக்கும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அளவு சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஹெட்டை ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஐந்து கேசட்டுக்கு ஒரு முறை துடையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். அப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் உங்கள் டெக்கின் ஹெட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்ஸ்தாயி ஓசை எல்லாம் போய்விடும், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதை மெள்ளத் திருப்புங்கள். மிருதங்கத்தின் வலந்தலை எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். பின்னால் எந்த மென்பொருளாலும் இதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமல் பதிவில் ஏறும். அளவை, மிகச் சத்தமான இடம் பூஜ்ஜியம் என்கிற உச்ச வரம்புக்கு 6 முதல் 10 டெசிபல் கீழே நிற்கும்படி வையுங்கள். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில்தான் எகிறும், அதை முதலில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 கேசட், தலா 90 நிமிடம் என்றால் 90 மணி நேரம். குறுக்கு வழி கிடையாது.

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

சார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதம் முன்பு ஒரு கடையில் இரண்டு கேசட்டைக் கொடுத்து மாற்றித் தரச் சொன்னேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல், ஸ்டூடியோ தரம் என்று சொல்லிப் பெரிய தொகை வாங்கினார்கள். ஃபைலும் பெரிதாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு 1.5 ஜிபி. ஆனால் ஏதோ தகரத்தில் தட்டுவது போல ஒலிக்கிறது. கேசட்டே அப்படித்தானோ என்று விட்டுவிட்டேன்.

நாடாவும்_ஊசியும், பசவனகுடி

அந்த ஃபைலை ஸ்பெக் என்கிற இலவச மென்பொருளில் போட்டுப் படம் பாருங்கள். கீழிருந்து மேலே அதிர்வெண், இடமிருந்து வலம் நேரம். எங்கே முடிகிறது என்று சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

பார்த்தேன் சார். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு. அதற்கு மேலே 48 வரைக்கும் வெறும் கறுப்பு.

மூன்றாவது_ஷிஃப்ட், கோரமங்களா

கேசட்டில் 15க்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காதே? அதுவும் சாதாரண நாடா, சின்ன ரெக்கார்டர். வெட்டு இருப்பதால் மட்டும் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியுமா?

நாடாவும்_ஊசியும், பசவனகுடி

நல்ல கேள்வி தம்பி. பாடகரின் குரல் அங்கே இருக்காது, உண்மை. ஆனால் நாடாவின் இரைச்சல் இருக்கும். அந்த 'உஸ்' சத்தம் நாடாவின் துகள்களிலிருந்து வருவது. அது மேலே போகப் போகத் தேய்ந்து மங்குமே தவிர, ஒரு கோட்டில் வந்து நிற்காது. கேசட்டை நேரடியாக 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்திருந்தால் 16க்கு மேலும் மெல்லிய சாம்பல் படிந்த மாதிரி தெரியும். சுவர் மாதிரி வெட்டு இருந்தால் நடுவில் ஓர் எம்பி3, அநேகமாக 128, வந்து போயிருக்கிறது. எம்பி3யாக எடுத்து வேவாக மாற்றியிருப்பார்கள். நீங்கள் 600 பாட்டுக்கு அறியாமல் செய்ததைத்தான் அவர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

கேசட்டைத் திருப்பித் தந்தார்களா?

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

தந்தார்கள் சார். இரண்டும் இருக்கிறது.

நாடாவும்_ஊசியும், பசவனகுடி

அப்பாடா. அப்போது ஒன்றும் இழக்கவில்லை. அந்த ஃபைல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

மூன்றாவது_ஷிஃப்ட், கோரமங்களா

அப்போது எந்த அளவில் எடுப்பது? 24 பிட், 96 அவசியமா? கேசட்டின் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவில் 50, 60 டெசிபல்தான் இடம். 16 பிட்டே 96 டெசிபல் தரும்.

நாடாவும்_ஊசியும், பசவனகுடி

கணக்கு சரி. கடைசியாகக் கேட்கும் பிரதிக்கு 16 பிட் தாராளம். எடுக்கும்போது மட்டும் 24 பிட் வையுங்கள், அளவைத் தாழ்த்தி வைத்து எடுக்கும் தைரியம் அதில்தான் வரும். ஒலிக் காப்பகங்களுக்கான சர்வதேச சங்கம், ஐயாசா, தன் வழிகாட்டியில் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. வீட்டுக்கு அதுவே போதும். நிமிடத்துக்கு 17 எம்பி, 60 கேசட்டுக்கு 93 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் இரண்டு மடங்கு. மீடியம் வேவ் ரேடியோவில் எடுத்த கேசட்டில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விசேஷமாக எதுவும் இருக்காது, அதற்கு 96 வைப்பது இடத்துக்குக் கேடு.

காப்பகங்கள் வேவில்தான் வைக்கின்றன. நான் ஃப்ளாக்கில் வைக்கச் சொல்வேன். வேவில் ராகம், பாடியவர் என்று விவரம் எழுதி வைக்க ஒழுங்கான இடம் கிடையாது. ஃப்ளாக்கில் உண்டு. அதோடு ஃப்ளாக் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் ஒலியின் எம்டி5 கைரேகையை எழுதி வைத்துக்கொள்கிறது. டிஸ்கில் ஒரு பிட் கெட்டாலும் சோதித்தால் சொல்லிவிடும். 2001இல் ஜாஷ் கோல்சன் வெளியிட்டது, யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை, 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று இணையத் தரநிலையாகவும் ஆகிவிட்டது. நாளைக்கு ஒரு கம்பெனி மூடினாலும் ஃப்ளாக்கைத் திறக்க ஆள் இருக்கும்.

ஒன்று மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கேசட் ஃப்ளாக்கில் சிடி அளவுக்குச் சுருங்காது. இரைச்சலில் எந்த ஒழுங்கும் இல்லை, ஒழுங்கில்லாததை மடிக்க முடியாது.

அந்த மூல ஃபைலில் இரைச்சல் நீக்கம், சத்தம் கூட்டல் எதுவும் செய்யாதீர்கள். பிரதி எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இரைச்சலை அதிகமாக வழித்தால் தம்புராவும் கூடவே போய்விடும், நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பென்டிரைவ்_பயணி, ஒயிட்ஃபீல்டு

கார், ஐபோன் பற்றி நான் சொல்கிறேன். தினம் மூன்று மணி நேரம் அவுட்டர் ரிங் ரோட்டில் காருக்குள்தான் இருக்கிறேன்.

பென்டிரைவை எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்யுங்கள், பழைய ஸ்டீரியோக்கள் வேறு எதையும் படிக்காது. காருக்கு எம்பி3 வி0 அல்லது 320 செய்துகொள்ளுங்கள். எம்பி3யின் காப்புரிமைகள் 2017இலேயே முடிந்துவிட்டன, எந்த டப்பா பிளேயரும் பாடும். ஐபோனின் மியூசிக் ஆப் ஃப்ளாக்கை ஏற்காது. வீட்டம்மாவுக்கு ஏஏசி 256 செய்து கொடுங்கள். தரம் குறையாமல் வேண்டுமென்றால் ஆலாக். ஃப்ளாக்கிலிருந்து ஆலாக், அங்கிருந்து திரும்ப ஃப்ளாக், எத்தனை முறை போய் வந்தாலும் இழப்பில்லை. ஒரு எச்சரிக்கை: ஏஏசியும் ஆலாக்கும் ஃபைல் பெயரில் எம்4ஏ என்ற ஒரே வாலோடுதான் வரும். வாலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆண்ட்ராய்டுக்கு ஆப்பஸ் 128.

சிடி ஓரிடத்தில் மெதுவாக, கேசட் இன்னோரிடத்தில் சத்தமாக இருக்கும். அதற்கு ரீப்ளேகெயின் போடுங்கள். ஒலியைத் தொடாது, எவ்வளவு கூட்ட வேண்டும் குறைக்க வேண்டும் என்று டேகில், அதாவது ஃபைலுக்குள் இருக்கும் விவரக் குறிப்பில், மட்டும் எழுதி வைக்கும்.

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

டேக் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழில் வைக்கலாமா, ஆங்கிலத்திலா? 2003 வாக்கில் திஸ்கி எழுத்துருவில் தமிழ்ப் பெயர் அடித்து வைத்த எம்பி3 நிறைய இருக்கிறது. இப்போது எல்லாம் புரியாத ஐரோப்பிய எழுத்தாகத் தெரிகிறது.

அல்சூர்_ஏரிக்கரை

ஒரு திஸ்கி மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து எம்பி3டேக் என்கிற மென்பொருளில் ஒட்டிவிடுங்கள், எழுத்து ஒன்றும் தொலைந்துபோகவில்லை.

எம்பி3யில் ஐடி3 என்கிற டேக் முறையின் பழைய முதல் பதிப்பு மட்டும் இருந்தால் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கரஹரப்பிரியா என்று எழுத 36 பைட் வேண்டும், ராகத்தின் பெயரே உள்ளே போகாது. இரண்டாம் பதிப்பு போட்டால் பிரச்சினை இல்லை. ஃப்ளாக்கில் டேக் எப்போதுமே யூடிஎஃப்-8, தாராளமாகத் தமிழில் எழுதலாம். கார் பிரதிக்கு மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பல ஸ்டீரியோக்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கல்யாணி_65, மல்லேஸ்வரம்

டேகில் பாட்டு, பாடகர், ஆல்பம் மட்டும் போதாது. ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம் எல்லாம் தனித்தனியாக வேண்டும். ஃப்ளாக்கில் நாமே புதுப் புலம் உண்டாக்கலாம் என்று என் மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இன்று எனக்குக் கல்யாணி மட்டும் வேண்டும் என்றால் 34 கல்யாணியும் வரிசையாக வந்து நிற்கிறது. எழுத்துக்கூட்டலை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். கரகரப்ரியா, கரஹரப்ரியா, கரஹரப்பிரியா என்று மூன்று விதமாக எழுதினால் மூன்று ராகமாகப் பிரிந்து கிடக்கும்.

உங்கள் அம்மாவுக்குச் சங்கீதம் தெரியுமா? அப்பாவோடு கச்சேரிக்குப் போயிருக்கிறாரா?

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

ஏழு வருடம் பாட்டு கற்றவர் மேடம். பாதிக் கச்சேரிக்கு அவரும் போயிருக்கிறார். இப்போது 78 வயது.

கல்யாணி_65, மல்லேஸ்வரம்

அப்படியானால் கேசட்டை ராத்திரி தனியாக ஓட்டாதீர்கள். பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஓட்டுங்கள்.

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இதுவரை 11 கேசட் ஆகியிருக்கிறது. பழைய டெக் ஒன்று கிடைத்தது, பெல்ட் மாற்றி, ஹெட் திருகாணி எங்கே என்று இரண்டு நாள் தேடி, இப்போது கை பழகிவிட்டது. மோனோவில் கேட்டுக்கொண்டே திருப்பும்போது ஒரு இடத்தில் 'சட்'டென்று திரை விலகுகிற மாதிரி மிருதங்கம் முன்னால் வருகிறது. அந்த முதல் தடவை கை நடுங்கிவிட்டது.

அம்மா சோபாவில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுகிறேன், இரவில் டேகில் ஏற்றுகிறேன். அப்பா உறையில் எழுதியதில் மூன்று தப்பு கண்டுபிடித்துவிட்டார். ஒரு கேசட்டில் பூர்விகல்யாணி என்று எழுதியிருந்தது பந்துவராளி என்றார், இரண்டாம் சங்கதி வருவதற்குள். இன்னொன்றில் வயலின் யார் என்று எங்கேயும் எழுதவில்லை. வில் போடுவதைக் கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார். அன்றைக்கு மழை வந்து பந்தலில் ஒழுகியதையும் சொன்னார். உண்மையில் 40ஆவது நிமிடத்தில் தகரத்தில் மழை விழுகிற சத்தம் இருக்கிறது.

இப்போது ஒரு சந்தேகம் சார். ஒரு கேசட்டில் போகப் போக சுருதி ஏறுகிறது. ஆரம்பத்தில் ஒரு கட்டையில் பாடுகிறவர் பக்கம் முடியும்போது ஒன்றரைக்குப் போய்விட்டார். டெக்கில் கோளாறா?

நாடாவும்_ஊசியும், பசவனகுடி

டெக் அல்ல. அப்பாவின் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கியிருக்கிறது. மோட்டார் மெதுவாக ஓடி நாடாவில் நெருக்கமாக எழுதியிருக்கிறது, நாம் சரியான வேகத்தில் போடும்போது மேலே ஏறுகிறது. அரைக் கட்டை என்றால் வேகத்தில் 6 சதவீதம். நம் சங்கீதத்தில் ஒரு பாக்கியம், தம்புரா ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே ஓடுகிறது. அதை அளவுகோலாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள், வேகமும் சேர்ந்து மாற வேண்டும். பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் அல்ல. ஆரம்ப சுருதி சரிதானா என்று அம்மாவைக் கேளுங்கள். அந்தப் பாடகர் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடுவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

கேட்டேன் சார். ஒரு கட்டைதான் என்கிறார், யோசிக்கவே இல்லை. இன்று மாலை திருத்தி உட்கார்ந்து கேட்டோம். தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் பக்கம் முடிந்துவிடுகிறது. கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் ஏழெட்டு ஆவர்த்தனம் போயிருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடவா, இடைவெளி விடவா?

கல்யாணி_65, மல்லேஸ்வரம்

ஒட்டாதீர்கள். தாளம் போடுகிறவர்களுக்குக் கணக்கு தப்பும். இரண்டு ஃபைலாகவே இருக்கட்டும், டேகில் 'இங்கே கேசட் திருப்பப்பட்டது' என்று எழுதிவிடுங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை

11 கேசட்டுக்கும் இரண்டாவது பிரதி எடுத்தாயிற்றா?

சுருதிப்பெட்டி, ஜெயநகர்

ஒரு ஹார்ட்டிஸ்க் வீட்டில், இன்னொன்று ராஜாஜிநகரில் அக்கா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை போகும்போது மாற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன். 12ஆவது கேசட் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது, உறையில் எதுவுமே எழுதவில்லை.